குண்டடத்துப் புகையில் ஒரு வாரம்

திங்கள் காலை ஆறு மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறினேன். தாராபுரம் வரை நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நூறு ரூபாய். "போற இடத்துல வாயைக் கொஞ்சம் அடக்கு" என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வழியனுப்பினார். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் நடத்துநரோடு பேச்சு ஆரம்பித்துவிட்டது. அதை யார் அடக்குவது?

"குண்டடத்துக்குங்களா? தாராபுரத்துல எறங்கி பல்லடம் வண்டி புடிச்சுக்கோங்க. கம்பெனி வேலைக்குங்களா?"

"இல்லைங்க. தாய்மார்களுக்குக் கைகழுவுறது, குழந்தைக்குச் சோறு குடுக்கிறது, அதெல்லாம் சொல்லிக் குடுக்கப் போறேன்."

"அதுக்கு மதுரையில இருந்தா வரோணுமுங்க?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், ஒரு தொண்டு அமைப்பில் பயிற்சி எடுத்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

காலை பத்தரைக்குக் குண்டடம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி நான் தங்க வேண்டிய ஊர். தாய்மார் குழுவை நடத்தும் ருக்குமணி ஸ்கூட்டியோடு வந்து நின்றிருந்தார். என்னைவிட வயது குறைவு, ஆனால் அதட்டலில் எனக்கு அக்கா. "ஏனுங்கக்கா, வெறும் வயித்தோட வந்தீங்களா? ஊட்டுக்குப் போயி முதல்ல சாப்பிடோணும். அப்பறம் நீங்க எங்களுக்குப் பாடம் எடுக்கலாம்" என்றார். அந்த வாரம் முழுக்க என்னை அவர் அப்படித்தான் வைத்துக்கொண்டார். பெற்ற தாய்கூட அத்தனை தடவை "இன்னும் ஒரு கரண்டி" என்று சொல்லியிருக்க மாட்டாள்.

இங்கே கூட்டம் போட்டுப் பேசுவது கிடையாது. காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் வந்து பெண்களைத் திருப்பூருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மாலையில் அவர்கள் திரும்பியதும், ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் உட்கார்ந்து, அவர்கள் சமைக்கச் சமைக்க நாம் பேச வேண்டும். ருக்குமணி வகுத்த முறை அது.

செவ்வாய் மாலை ஏழு மணி. ஜெயராணி வீடு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கணவர் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார், வாரம் ஒருமுறை வருவார். ஜெயராணிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ரோட்டை ஒட்டிய ஒற்றை அறை, ஜன்னல் இல்லை, முன்னால் அடுப்பு வைக்க வாசல் என்று ஒன்றும் இல்லை. மகள் ரோஸிக்கு நான்கு வயது. மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"இந்த ஊர்க் காத்து இவளுக்குச் சேரலக்கா. ஆஸ்பத்திரி மருந்துக்கு ரெண்டு நாள் நிக்கும், மறுபடி வந்துரும்" என்றாள் ஜெயராணி. "ஞாயித்துக்கிழமை நீங்க மதுரைக்குத் தானே போறீக? இவளையும் கூட்டிட்டுப் போயிருங்க. மதுரைக்கு இவ அத்தை வந்து வாங்கிக்கிருவா. அங்கயே வளரட்டும்."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் துணிப்பை பாதி கட்டிக் கிடந்தது. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். விறகு இல்லை. ஒரு சாக்கு நிறைய பனியன் வேஸ்ட். தைக்கும்போது கத்தரித்துத் தள்ளிய துண்டுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் என்று. கம்பெனியில் சும்மா கிடைப்பதாம். ஒரு பிடி போட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. கரும்புகை அறையை அடைத்தது. அடுப்பில் வெந்நீர் வைத்து, ரோஸியை அடுப்புப் பக்கத்திலேயே உட்காரவைத்து, போர்வையால் மூடி ஆவி பிடிக்கவைத்தாள். பிள்ளை இரும, இரும, "இன்னும் கொஞ்ச நேரம்டா தங்கம்" என்று இன்னொரு பிடி துணியை அடுப்பில் திணித்தாள்.

என்னால் உட்கார முடியவில்லை. ரோஸியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் வந்துவிட்டேன். சற்று நேரத்தில் விசில் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

உள்ளே வந்து வாயை அடக்காமல் சொன்னேன்: "ஜெயராணி, ஊர்க் காத்து இல்லடி, இந்தப் புகைதான் பிள்ளைக்கு ஆகல."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆவி புடிக்காம எப்படிக்கா விடுறது? வெறகுக்கு நான் எங்க போவேன்? எல்லா வீட்லயும் இதத்தான் எரிக்கிறாக. அவுக பிள்ளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அதுவும் உண்மைதான். மற்றவர்கள் வெளியே வாசலில் வைத்து எரிக்கிறார்கள், இவளுக்கு அந்த வாசல் இல்லை.

புதன் காலை ருக்குமணியிடம் சொன்னேன். அவர் ஜெயராணியையும் ரோஸியையும் என்னையும் துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். நர்ஸ் ரோஸியின் முதுகில் காது வைக்காத குறையாகக் கேட்டுவிட்டு, "சாயத் துணி எரிக்கற பொகைங்க. புள்ளைய அது பக்கமே அண்ட உடாதீங்க. குடுத்த மருந்த நிறுத்தாம குடுங்க" என்றார். ஜெயராணி அன்று வேலைக்குப் போகவில்லை. பிள்ளைக்குக் குணமாக வேண்டும் என்று தானே செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று, வீட்டுக்கு வந்ததும் நிலைப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

ருக்குமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழுவாத அம்மிணி. உனக்கென்ன தெரியும்? எங்க ஊட்டு வாசல் சும்மாதான கெடக்குது. இன்னிக்கிருந்து அங்க வந்து சமைச்சுக்கோ. தென்னமட்டையும் பாளையும் தோட்டத்துல மக்கிக் கெடக்குது. இனி அந்த வேஸ்ட்டுச் சாக்கு நம்ம ரெண்டு ஊட்லயும் வேண்டாம்."

"கருவாடெல்லாம் வைப்பேன்க்கா. ஒங்க வீட்ல..."

"வெய்யி. எனக்கு ரெண்டு துண்டு சேத்து வெய்யி."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். அன்று மாலை அந்த வாசலில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. ரோஸி தூரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ருக்குமணியின் கோழிகளை விரட்டச் சொல்லி எல்லோரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

வியாழன் இரவும் இருமல் இருந்தது. வெள்ளி குறைந்தது. சனிக்கிழமை அவள் ஒரே மூச்சில் எனக்கு ஒரு கதை சொன்னாள். ஆனால் அந்தப் பை மூலையில் கட்டியபடியேதான் இருந்தது. அனுப்பப் போகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை அவளுடையது, பயமும் அவளுடையது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் குண்டடம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மதுரையில் என் வீட்டில் காஸ் அடுப்பும் பெரிய ஜன்னலும் இருக்கின்றன. அந்த ஜன்னலை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இந்த ஊர் எனக்கு வயிறாரச் சோறு போட்டது, முன்பின் தெரியாத என்னை அடுப்படி வரை விட்டது, நான் கத்தியதையும் பொறுத்துக்கொண்டது. இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ருக்குமணியின் ஸ்கூட்டியில் மூன்று பேராக வந்து இறங்கினார்கள். ரோஸி புது கவுன், புது ஷூ போட்டிருந்தாள்.

"பை எங்க?" என்றேன்.

"பைய அவுத்துட்டேன்க்கா" என்றாள் ஜெயராணி. "நாத்தனாருக்கும் போன் பண்ணி வர வேணாம்னுட்டேன். ஒங்களுக்கு டாட்டா காட்டணும்னு அடம்புடிச்சா, அதான் கூட்டியாந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. நான் ஏறியதும்தான் ரோஸிக்கு விஷயம் புரிந்தது. தனக்குப் பஸ் பயணம் இல்லை. அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து, தொண்டை கிழிய ஒரு அழுகை. நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ருக்குமணி தூக்கப் போனார்.

"விடுங்கக்கா, அழட்டும்" என்றாள் ஜெயராணி. "இருமாம அழுறா பாருங்க."