உதவித்தொகை வேண்டாமென்று நான் எழுதிய கடிதம்

நான் பேசுவது இரண்டு மொழி. எழுதுவது ஒன்றுதான். கேரள எல்லையில் குளத்தூர்ப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை. சந்தையில், பஸ்ஸில், சண்டையில் மலையாளம் தண்ணீர் போல வரும். ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். எழுத்துக்கள் தெரியும். அரசாங்க மலையாளம் தெரியாது. அதனால் எங்களில் ஒவ்வொருவனுக்கும் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருப்பான். எனக்கும் இருந்தான்.

அவன் குன்னத்துகால்காரன். மலையாளப் பள்ளியில் படித்தவன். ஞாயிறு ஆராதனைக்குத் தமிழ்ச் சபைக்குப் போய் தமிழும் வாசிக்கக் கற்றுக்கொண்டவன். திருவனந்தபுரத்துக்கு அப்பால் ஒரு பாலிடெக்னிக்கில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருடம் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் ஒரே அறை. சேர்க்கை விண்ணப்பம், ஹாஸ்டல் விண்ணப்பம், அம்மை நோயில் நான் பத்து நாள் கிடந்ததற்கான விடுப்புக் கடிதம், எல்லாம் அவன் கையால் எழுதியது. அடியில் என் கையெழுத்து மட்டும் என்னுடையது. அலுவலகத்தில் என் பெயருள்ள கோப்பைத் திறந்தால் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை அவனுடைய வட்ட வட்டமான எழுத்துதான் இருக்கும்.

அந்தப் படிப்பு முதல் வருடம் கழிந்ததும் ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் கம்பெனி வேலை என்று மாறி மாறி வரும். வகுப்பை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதி உள்ளே இருக்கும்போது மறு பாதி வெளியே இருக்கும். நான் முதல் பாதி, அவன் இரண்டாம் பாதி. ஒரு தர்ம டிரஸ்ட் எங்கள் பிரிவில் ஒரு மாணவனுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தது. முதல் வருடம் அது எனக்குக் கிடைத்தது. என் அம்மை அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கிற தொழிற்சாலையில், தரையில் குந்தி இருந்து வேலை பார்த்தவள். அப்பா இல்லை. அந்தத் தொகை வந்தால் ஹாஸ்டல் மெஸ்ஸும் பரீட்சைக் கட்டணமும் நடக்கும். வராவிட்டால் படிப்பு இல்லை. அதில் எனக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை.

உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எனக்கு வேறு வருமானம் இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். புதுப்பிக்கிற மாதத்தில் நான் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருப்பேன். இதற்குக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகிறவன் இரண்டு மூன்று வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு, உள்ளே இருக்கிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். அலுவலகத்தில் என்ன எழுதித் தரச் சொல்கிறார்களோ அதை அவன் மேலே எழுதிக் கொடுப்பான். குமாஸ்தாக்களுக்கும் இது தெரியும். யாரும் கேட்டதில்லை.

நான் மூன்று தாள் கொடுத்தேன். அவன் எண்ணிப் பார்த்து நோட்டுக்குள் வைத்தான்.

"எலே, நான் இதுல ஒனக்க குளத்தூர் வீட்ட எனக்கு எழுதி வாங்கிட்டா என்ன செய்வ?" என்றான்.

"எடுத்துக்கோ. மழையில ஒழுகும், அதையும் சேத்து எழுதிக்கோ."

பட்டறையில் ஆறு மாதம் மண்ணையும் கரியையும் தின்றேன் என்று சொன்னால் அது மிகையில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பயிற்சி மாணவர்களுக்கு மாதாமாதம் ஸ்டைபண்ட் தருவதாகக் கம்பெனி கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. மாதக் கடைசியில் பதிவேடு வரும். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவோம். பணம் வராது. ஷெட்டின் பின்னால் படுக்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான். முதல் மாதமே போர்மேன் சொல்லிவிட்டார், கையெழுத்துப் போடாதவனுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது என்று. நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் போட்டோம்.

இதை நான் அவனுக்கு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்லண்ட் லெட்டரில் வேறு கதை எழுதினேன். கம்பெனியில் ஒன்றாம் தேதியே பணம் கையில் வந்துவிடுகிறது, புதிதாக ஒரு பேண்ட் எடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை தோறும் சினிமா என்று. பேண்ட் போர்மேன் போட்டுக் கழித்தது. சினிமா சுவரொட்டியில் பார்த்தது. அவன் ஹாஸ்டலில் கட்டிலில் படுத்துக்கொண்டு இதை வாசிப்பான், நான் ஏதோ ஆகிவிட்டேன் என்று நினைப்பான் என்று எனக்கு ஆசை. பத்தொன்பது வயதில் அப்படித்தான் இருந்தேன்.

ஆறு மாதம் கழிந்து கல்லூரிக்குத் திரும்பினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் உள்ளே வருகிற நாளும் அவர்கள் வெளியே கிளம்புகிற நாளும் ஒன்றே. அறையில் அவன் இல்லை, பெட்டி கட்டி வைத்திருந்தது. மெஸ் பாக்கியைத் தீர்க்கலாம் என்று உதவித்தொகையை விசாரிக்க அலுவலகத்துக்குப் போனேன்.

சூப்பிரண்டு என் கோப்பை எடுத்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது தன்றெ ஒப்பல்லே?" என்று கேட்டார். உன் கையெழுத்துதானே.

என் கையெழுத்துதான். மேலே வட்ட வட்டமான எழுத்து. எனக்குத் தொழிற்சாலையில் போதுமான ஸ்டைபண்ட் கிடைத்து வருகிறது, ஆகவே உதவித்தொகை எனக்கு இனி வேண்டாம், பட்டியலில் அடுத்து இருக்கும் தகுதியான மாணவனுக்கு அதைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தேன். நல்ல மலையாளம். என்னைப் பற்றி அவ்வளவு மரியாதையாக அவன் அதற்கு முன் எதுவும் எழுதியதில்லை.

பட்டியலில் அடுத்து இருந்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் தானாகச் சொன்னார், என் அறைக்காரன் பெயரை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பராதி உண்டெங்கில் எழுதித் தா. நாலு மணி வரெ செக்கு என்றெ மேசையிலுண்டு." புகார் எழுதிக் கொடுத்தால் காசோலையை நிறுத்தி வைப்பார். நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். அப்போது மணி இரண்டரை.

அவனைக் காண்டீனுக்குப் பின்னால் பார்த்தேன். கை கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடாமல் நின்றான்.

"வந்தியா மக்கா," என்றான்.

"கடுதாசி பாத்தேன்."

அவன் சட்டையில் கையைத் துடைத்தான். "நீதானலே எழுதின, கம்பெனி பைசா தருதுன்னு. ஒனக்க லெட்டர் எனக்க பெட்டியில உண்டு. எடுத்துக் காட்டட்டா?"

"அது சும்மா எழுதினது."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீ பேண்ட் எடுக்க, படம் பாக்க. நான் இங்க மெஸ்ஸுல பேரு வெட்டிப் போட்டு மூணு வாரம் பண்ணு தின்னேன். எனக்க அப்பன் தோட்டத்த ஒத்திக்கு வச்சாச்சு. யாருட்ட கேக்கச் சொல்லுத?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா தருவியா?"

நான் எட்டிக் குழாயை மூடினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப மேல எழுதினது நான், கீழ போட்டது நீ," என்றான். "ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு ஆக்கும்."

சிரிக்கத்தான் பார்த்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. திருடினான் என்பதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். எனக்குப் பணம் வருகிறது என்று அவன் நம்பினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருப்பான். கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் கணிப்பு இதுதான்.

அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். புகார் எழுதினால் அந்தக் கடிதம் நான் எழுதியதில்லை என்று சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். அதோடு எனக்கு வருமானம் இல்லை என்று டிரஸ்டுக்கு நிரூபிக்க வேண்டும். அவர்கள் பட்டறையில் விசாரித்தால் ஆறு மாதமும் பெற்றுக்கொண்டேன் என்று நான் போட்ட கையெழுத்து பதிவேட்டில் இருக்கும். பொய்யாகப் போட்டேன் என்று சொன்னால் என்னோடு இருந்த நான்கு பேரும் பொய்யர்கள். அவர்களுடைய சான்றிதழும் போகும். அதில் ஒருவன் தங்கையின் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் சான்றிதழுக்காகக் கிடந்தவன்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புகாரை மலையாளத்தில் எழுத வேண்டும். எழுதித் தர ஆள் தேடிப் பக்கத்து அறைக்காரனிடம் போனேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். அவனிடம் முழுக் கதையையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்கு மணிக்குச் சூப்பிரண்டு வெளியே எட்டிப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

எல்லைப் பக்கம் போக அன்று மாலை ஒரே பஸ்தான் நின்றது. அவனும் ஏறினான். வண்டியில் கூட்டம். காலியாக இருந்தது என் பக்கத்து இடம் மட்டும். அவன் ஒரு நிமிடம் நின்றான், பிறகு உட்கார்ந்தான். மடியில் பெட்டி. திங்கட்கிழமை அவன் கோயம்புத்தூருக்கு, அதே பட்டறைக்குப் போகிறான்.

"அங்க சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டான்.

"கொள்ளாம்," என்றேன், நன்றாக இருக்கும் என்கிற மாதிரி. பதிவேட்டைப் பற்றி அவனுக்கு நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பாலராமபுரம் தாண்டியதும் அவன் தூங்கிவிட்டான். தலை சரிந்து என் தோளில் விழுந்தது. எத்தனையோ தடவை அந்தத் தலை அங்கே விழுந்திருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு, மூன்று வாரம் தூங்காதவன் மாதிரி தூங்கினான். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் வண்டி கால் மணி நேரம் நின்றபோதும் விழிக்கவில்லை. கடலை விற்கிறவன் என்னிடம், கூட்டுக்காரனை எழுப்பு, சூடு கடலை என்றான். வேண்டாம் என்று கை காட்டினேன். தோளை நான் அசைக்கவும் இல்லை. பழக்கத்தால் அசைக்காமல் இருந்தேனா, வேறு எதனாலோ, தெரியாது.

உதியன்குளங்கரையில் நான் இறங்க வேண்டும். வண்டி நிற்கும் முன்பே எழுந்துவிட்டேன். அவன் தலை சீட்டுக் கம்பியில் இடிக்கிற சத்தம் கேட்டது. மலையாளத்தில் ஏதோ வைதான். தூக்கத்தில் அவனுக்கு மலையாளம்தான் வரும். நான் இறங்கி ரோட்டைக் கடந்தேன்.

வீட்டில் அம்மை கைவிரல்களில் முந்திரி ஓட்டின் பால் பட்டுப் பொத்துப்போன இடங்களில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டாள். போகப் போவதில்லை என்றேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். ஏன் என்று அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வெள்ளைத் தாள்களை எப்படி அவளுக்குச் சொல்லிப் புரிய வைத்திருப்பேன் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் வெள்ளறடைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் லாரி ஏற்றுகிற வேலைக்குப் போனேன். அங்கிருந்து எத்தனையோ ஊர். அவனுக்கு டிப்ளமோ கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.