மகள் ஏற்றிய டிரிப்

இருபத்தாறு வருடம் நான் கேரள எல்லையோரம் பெருங்கடவிளைப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் வேலை பார்த்தேன். காலையில் பால் கொண்டு வருகிறவர்களின் பாத்திரத்தில் லாக்டோமீட்டரை இறக்கி, தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாரையும் நம்பி நான் பால் எடுத்ததில்லை. வேலை முடிந்து வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கடையில் மாத்திரை வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தை இரண்டு தடவை வாசிப்பேன். அம்மாவுக்கு இது போகாது என்று மகள் சிரிப்பாள்.

மகள் நர்ஸ். ஒன்பது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்காக ஊருக்கு வந்து என்னோடு தங்கினாள். மருமகன் அங்கேயே இருக்கிறார். கொஞ்ச நாள் வேலை தேடி அலைந்தாள். அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் வெல்னஸ் சென்டர் ஒன்று திறந்தார்கள். வயதாக ஆக நம் செல்லுக்குள் சக்தி குறைந்துபோகுமாம். அதை டிரிப் வழியாக நேரே ரத்தத்தில் ஏற்றித் திரும்பக் கொண்டுவருவார்களாம். பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மகளுக்கு மலையாளமும் தமிழும் ஒன்றுபோல வரும். வயசானவர்களின் கையில் நரம்பு கண்டுபிடிப்பதில் அவளுக்கு நல்ல கைராசி. போய்ப் பேசிய அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சேர்ந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அப்போது உடம்பில் ஒரு தளர்ச்சி இருந்தது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். அறுபத்து நாலு வயதில் இதெல்லாம் வரும் என்று விட்டிருந்தேன். எனக்கு வேண்டாம் என்று பல தடவை சொன்னேன். அவள் விடவில்லை. ஸ்டாஃபின் வீட்டு ஆட்களுக்குச் செலவு கிடையாது என்றாள். கடைசியில் அவள் முகத்துக்காகப் போனேன்.

சாய்ந்து படுக்கிற மாதிரி ஆறு நாற்காலிகள், குளிரக் குளிர ஏசி, சுவரில் ஓடுகிற ஒரு கிழவனும் கிழவியும் படமாக. முதலில் ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். பிறகு மகள் என் இடது கையில் ஊசியை ஏற்றி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் கலந்த தண்ணீர்போல ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. மானேஜர் வந்து, பழைய போனுக்குப் பேட்டரி மாற்றுவதுபோல என்று விளக்கினார். சுத்தமான பால் என்று என்னிடம் சத்தியம் செய்தவர்களின் முகம்போல இருந்தது அவர் முகம். நான் பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

வாரம் ஒரு தடவையாக நாலு வாரம் போனேன். மூன்றாவது வாரமே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. மேட்டில் நிற்காமல் ஏறி வந்துவிட்டேன். வந்தபிறகுதான் எனக்கு அது உறைத்தது. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ பயம் வந்தது. பாலில் தண்ணீர் கலக்கிறவர்கள்தான் லாக்டோமீட்டரில் அளவு இறங்காமல் இருக்கச் சீனியும் சேர்ப்பார்கள். கணக்கு ரொம்பச் சரியாக வந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.

நாலாவது வாரம் பக்கத்து நாற்காலியில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். ரப்பர் தோட்டம் உள்ளவர், மரியாதையான மனிதர். டிரிப் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவந்து, கை நெஞ்சுக்குப் போனது. நெஞ்சைப் பிடிக்குது மக்கா என்று மெதுவாகச் சொன்னார். மகள் ஓடிவந்து டிரிப்பைக் குறைத்து, பிரஷர் பார்த்து, அவர் தோளில் கைவைத்து நின்றாள். பத்து நிமிடத்தில் அவருக்குச் சரியானது. மானேஜர் சிரித்துக்கொண்டே வந்து, செல்கள் எழும்பத் தொடங்கியதன் அடையாளம் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். மகள் அதையே தமிழில் மார்த்தாண்டத்துக்காரரிடம் சொன்னாள். பொய் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். மருந்து வேகமாக இறங்கினால் அப்படி வரும், பைய விட்டால் வராது என்றாள். அதை அவரிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் நான் பாறசாலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரிப் பாட்டிலில் இருந்த பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். சின்ன வயது டாக்டரம்மா. தாளை வாசித்துவிட்டு, சர்க்கரைக்குக் குளிகை சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். பதினோரு வருடமாக என்றேன். கால் மரத்துப் போகிறதா என்றாள். ஒரு தடவை செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் சந்தை வரை நடந்ததைச் சொன்னேன். அந்தக் குளிகையை வருடக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு பி-டுவெல்வ் என்கிற வைட்டமின் குறையும், தளர்ச்சியும் மரப்பும் அதனால் வரலாம் என்றாள். என் தாளில் அந்த வைட்டமினும் இருந்தது. நான் மேடு ஏறியது அதனாலேயே இருக்கலாம், அதற்குச் சாதாரண ஊசி போதும் என்றாள். செல் சக்தி மருந்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது என்றாள். இப்போது ரத்தம் பார்த்தால் டிரிப்பில் போனதுதான் தெரியும், உண்மையான அளவு தெரியாது என்றாள். டிரிப்புக்கு முன்னால் யாராவது ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அந்த ஒரு குழாய் ரத்தம் ஞாபகம் வந்தது. அதன் ரிசல்ட்டை யாரும் எனக்குக் காட்டவில்லை.

சாயங்காலம் மகள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். என் ரத்தப் பேப்பர் வேண்டும் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பி-டுவெல்வ் என்ற இடத்தில், குறைவு என்பதற்கு அடையாளமாகக் கீழே நோக்கி ஒரு அம்பு போட்டிருந்தது.

“இத நீ பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேன்.”

“எப்போ?”

“முதல் வாரமே. டிரிப்புல அது உண்டு இல்லியா அம்மா, சரியாவும்னு விட்டேன்.”

“எங்கிட்ட சொன்னா என்ன?”

மேஜையில் கிடந்த பேப்பரை மடித்தாள். பிறகு, “சொன்னா நீ சர்க்கார் ஆசுபத்திரியில போயி ஒரு ஊசி போட்டுட்டு வீட்டுல இருப்ப. நாற்காலி நிறஞ்சு இருக்கணும், சொந்தத்துல மூணு பேர கொண்டு வரணும்னு சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. நீ முதல் ஆளாக்கும்” என்றாள்.

குரல் இறங்கவில்லை. அதனால் அது உண்மை என்று தெரிந்தது. எவ்வளவு பேருடைய பாலை நான் தூக்கிக் கொட்டச் சொல்லியிருக்கிறேன், கொட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. இவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் ஒரே வீட்டில், பிள்ளையை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்த்தாண்டத்துக்காரருக்குப் போன் செய்து, நெஞ்சு பிடித்ததை அவருடைய டாக்டரிடம் சொல்லச் சொன்னதாகவும், அவருடைய ரத்தப் பேப்பரை அவருக்கே அனுப்பிக் கொடுத்ததாகவும் சொன்னாள். அதன்பிறகு நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பேப்பரைக் கொடுக்கத் தொடங்கினாள். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் வாசிக்காமலே மடித்துப் பையில் வைத்தார்கள். மானேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். மாசக் கடைசியில் அவள் வேலை போனது. தானே விட்டதாகத்தான் சொல்கிறாள். அவர்கள் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேட்கவில்லை.

இப்போது பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் வண்டியில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறாள். சம்பளம் குறைவு. நல்ல வேலையைத் தாயே கெடுத்தாள் என்று மருமகனின் அம்மா போனில் சொன்னாள். நான் மறுக்கவில்லை. சென்டர் இப்போதும் நடக்கிறது. போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது, மாடிப்படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மாதம் ஒரு ஊசி மகள்தான் போடுகிறாள். மருந்தை என் கையில் தந்து, நான் தேதியை வாசித்து முடிக்கும் வரை சிரிஞ்சோடு காத்திருப்பாள். முன்போல அதற்குச் சிரிப்பதில்லை. இடது பாதத்தில் உணர்ச்சி நன்றாகத் திரும்பிவிட்டது. வலது பாதத்தில் இரண்டு விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. அது இனித் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். அதை மட்டும் நான் மகளிடம் சொல்லவில்லை.