ஒரு நாவலை ஐந்தாக வெட்டிய கதை

1. பாண் மாதிரி

நூலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்டொக் வெரிபிகேஷன், அதாவது வருடாந்தப் புத்தக எண்ணிக்கை, என்றாலே பயம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பதிவில் உள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் இராக்கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தால் காரணம் எழுதலாம். கூடினாலும் எழுதலாம். ஆனால் ஓர் இலக்கத்துக்கு நாலு துண்டு இருந்தால் என்ன எழுதுவது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது அந்த வினை எனக்கு வந்து சேர்ந்தது.

கல்முனைப் பக்கம் ஒரு பொது நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். எது என்று சொல்ல வேண்டியதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் எண்ணிக்கை பார்க்க வந்த கணக்காய்வு அதிகாரி, எங்கள் வாயில் ஒடிட் சேர், அதிகம் பேசாதவர். நாவல் பகுதியில் ஓரிடத்தில் நின்று, நாலு மெல்லிய கட்டுகளைக் கையில் எடுத்தார்.

"மிஸ், இது என்ன?"

"நாவல் சேர்."

"நாவல் எண்டு வெளங்குது. ஏன் பேக்கரிப் பாண் மாதிரி துண்டு துண்டா வெட்டி வெச்சிரிக்கி?"

"நான்தான் வெட்டினன் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எலி வெட்டினா எழுத ஒரு இடம் இரிக்கி. கறையான் அரிச்சா இரிக்கி. லைப்ரேரியன் வெட்டினா நான் எங்க எழுதுற?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் கட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. கதை முடியல்லியே. அஞ்சாவது எங்க?"

"ஜோர்டான்ல சேர்."

2. ஒரே ஒரு கொப்பி

நம் பக்க நூலகங்களுக்கு ஆட்கள் வருவது பத்திரிகை பார்க்கவும் பரீட்சை வழிகாட்டி எடுக்கவும்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. இப்போது தமிழில் மாயாஜால நாவல்களும் விஞ்ஞானக் கதைகளும் நிறைய வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டுச் சண்டை பிடிக்க ஒரு கூட்டம் சனிக்கிழமைகளில் என் நூலகத்தில் தானாகவே சேர்ந்தது.

மூன்று பேர் நிரந்தரம், மற்றவர்கள் வந்து போவார்கள். நசீர் சாய்ந்தமருதில் போட் என்ஜின் திருத்துபவர். சண்டை இல்லாத நாவல் நாவலே இல்லை என்பது அவர் கட்சி. விமலன் பாண்டிருப்பு, தபால் கந்தோரில் வேலை. கதையில் ஒரு கப்பல் பறந்தால் அதற்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்ப்பார். சல்மா மருதமுனையில் கைத்தறி நெய்பவள். நாம் ஒரு புத்தகத்தைப் புகழ்ந்தால் அவள் குறை சொல்வாள், நாம் குறை சொன்னால் அவள் புகழ்வாள்.

அந்த நாவல் வந்தது அப்போதுதான். தொள்ளாயிரம் பக்கம் தாண்டும். ஒரு பெரிய கப்பல், வேறொரு நட்சத்திரத்தை நோக்கிப் பல தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் தட்டுத் தட்டாக மனிதர்கள் குடியிருக்கிறார்கள். எல்லாத் தட்டுக்கும் தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அவளைத் 'தண்ணிக்காரி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி, ஒரே கொப்பி. ஒருவருக்கு இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், புதுப்பித்தால் இன்னும் இரண்டு கிழமை. நசீர் முடித்து, விமலன் முடித்து, சல்மாவின் கைக்குப் போகும்போது நசீருக்குத் தண்ணிக்காரியின் முகமே மறந்துவிடும். பிறகு எதைப் பேசுவது? மேலதிகக் கொப்பி வாங்கித் தாருங்கள் என்று நான் மேலே எழுதி எழுதிப் பேனை தேய்ந்ததுதான் மிச்சம்.

வழி சொன்னவள் சல்மா. தறியில் நீளமாக ஏற்றும் நூலைப் பாவு என்பார்கள். ஒரு பாவில் ஆண்கள் இடுப்பில் உடுக்கும் பல சாரன்கள் அடுத்தடுத்து நெய்யப்படும்.

"மிஸ், நாங்க நெய்ஞ்சி முடிச்சாப் பொறகு வெட்டித்தானே குடுக்கிற? முழுப் பாவையும் ஒரு ஆம்புள இடுப்புல சுத்திக்கிட்டுப் போனா மத்தவன் என்னத்த உடுக்கிற?"

அன்று பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு தையலைப் பிரித்தேன். பைண்டிங் எனக்குக் கைவந்த வேலை. அத்தியாயம் முடியும் இடங்களாகப் பார்த்து ஐந்தாக்கி, ஒவ்வொன்றுக்கும் தடித்த மட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டினேன். அச்சாவான வேலை. இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

3. இதில் என்ன விஞ்ஞானம்?

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் களைகட்டின. ஒருவர் மூன்றாம் துண்டில் இருக்க, அடுத்தவர் இரண்டில் இருப்பார். பின்னால் வருபவருக்கு முன்னால் உள்ளதைச் சொல்லக்கூடாது என்பது சட்டம். அதை மீறியவருக்கு நசீர் ஒரு மாதத்துக்குத் தேநீர் கிடையாது என்று தீர்ப்பு வைத்திருந்தார்.

அந்தக் கப்பலில் வீடுகள் பெண்களுக்கே சொந்தம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். எழுதியவர் இதைப் பெரிய அதிசயமாக ஓர் அத்தியாயம் முழுக்க விளக்கியிருந்தார். நசீர் படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இதுல என்ன மிஸ் விஞ்ஞானம் இரிக்கி? நானும் கலியாணம் முடிச்ச அண்டைக்கே பெட்டி தூக்கினவன்தானே."

"எங்கட பக்கமும் அப்பிடித்தான்" என்றார் விமலன். "எழுதின ஆள் இஞ்சால ஒருக்கா வந்து போயிருந்தா அந்த அத்தியாயத்தை மிச்சம் பிடிச்சிருக்கலாம்."

சல்மா சும்மா இருப்பாளா? "ஊடு பொம்புளைக்கி எண்டு எழுதினவர், அந்த ஊட்டக் கட்டக் கடல் தாண்டிப் போறது ஆரு எண்டு எழுதல்ல. அதையும் எழுதினாத்தான் நான் நம்புவன்."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

நாலாம் துண்டு முடியும் இடம் பொல்லாத இடம். கீழ்த்தட்டில் காற்று குறைந்து சனங்கள் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் மேல்தட்டுக்காரர்களும் சாகலாம், திறக்காவிட்டால் கீழே உள்ளவர்கள் நிச்சயம் சாவார்கள். தண்ணிக்காரி கதவில் கையை வைக்கிறாள். அதோடு துண்டு முடிகிறது. சல்மா எப்போதும் வேகமாகப் படிப்பவள். எங்களுக்கு முந்தி ஐந்தாம் துண்டை எடுத்துப் போனவள் அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

4. உடுப்புப் பைக்குள்

வந்தது அவள் குரல்தான், வட்ஸ்அப்பில்.

"மிஸ், என்ன மாப் பண்ணிருங்க. ஏஜென்சிக்காரன் திடுக்கெண்டு டிக்கட் வந்திட்டு எண்டான். ஜோர்டானுல கார்மன்ட் வேல. மகளுக்கு ஒரு ஊடு எழுப்பணுமே மிஸ், தறிய நம்பி ஏலாது. இஞ்ச வந்து பேக்கத் துறந்து பாத்தா உடுப்புக்குள்ள புத்தகம். அல்லாஹ்வே எண்டு தலைல கைய வெச்சிட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகம் போனதற்காக அல்ல. வீடு கட்டக் கடல் தாண்டுவது யார் என்று கேட்டவள் தன்னைத்தான் சொல்லியிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

முடிவைச் சொல்லவா என்று அவள் கேட்டாள். நசீர் என் போனைப் பறித்து, "வேணாம் தாயே, வாய மூடிக்க!" என்று கத்தினார். தபாலில் அனுப்ப அவளுக்குப் பயம், தவறிப்போனால் யார் பொறுப்பு? நம்பிக்கையான ஆள் ஊருக்கு வரும்போது கொடுத்து விடுகிறேன் என்றாள். நாங்களும் சரி என்று காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் ஒடிட் சேர் வந்து சேர்ந்தார்.

5. வெள்ளத்தின் மேல் பழி

எங்கள் தலைமை எழுதுவினைஞர், சீவ் கிளார்க், கெட்ட மனிதர் அல்ல. என்னைக் காப்பாற்றத்தான் வழி சொன்னார்.

"மிஸ், போன மாரிக்கு வெள்ளம் வந்ததுதானே. கொஞ்சப் புத்தகம் நனைஞ்சி போச்சி. இதையும் அதோட சேர்த்து எழுதிருங்க. வெள்ளத்துக்கிட்ட ஆர் போய்க் கேக்கிற?"

என் பென்ஷன் பைல் அவர் மேசையில்தான் இருந்தது. அரச சொத்தைச் சேதப்படுத்தியதாக ஒரு வரி விழுந்தால் அந்தப் பைல் அங்கேயே படுத்துவிடும். என் கணவர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளை வளர்த்து எடுத்தவள் நான். வயதுபோன காலத்தில் யாரிடமும் கையேந்தாமல் இருப்பதற்கு அந்தப் பென்ஷன் ஒன்றுதான் எனக்கு இருந்தது. பயந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் நனைந்தது என்று எழுதினால் அந்த நாலு துண்டையும் எரிக்க வேண்டும், சட்டம் அது. நசீரும் விமலனும் அந்தக் கதவுக்கு முன்னால் காலமெல்லாம் நிற்க வேண்டும். அதோடு, வெட்டியது என் கை. வெள்ளம் என்ன செய்தது?

ஒடிட் சேரிடம் போய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏன் வெட்டினேன், யார் யார் படித்தார்கள், சாரன் கதை உட்பட. அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"வெரிபிகேஷன் முடிய ரெண்டு கிழமை இரிக்கி மிஸ். அதுக்குள்ள முழுப் புத்தகமா எனக்கிட்ட வரணும். வராட்டி நான் எழுதத்தான் வேணும். எனக்கு உங்களோட கோவமில்ல."

"சல்மா பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்புறாவாம் சேர்."

"போட்டோ புத்தகமாகாது." பக்கங்கள் சரியா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மூன்றாம் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஏன் மூன்றாம் துண்டு என்று நான் கேட்கவில்லை.

6. சம்மாந்துறைப் பெண்

தவணை முடியும் நாள் ஒரு சனிக்கிழமை. திங்கள் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று ஒடிட் சேர் லீவு நாளும் பாராமல் வந்து உட்கார்ந்திருந்தார். நசீரும் விமலனும் ஒரு மூலையில் மையத்து எடுக்கும் இழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்த பிறகு ஒரு பெண் உள்ளே வந்தாள். சம்மாந்துறை, பெயர் ஹாஜரா. சல்மாவோடு ஒரே அறையில் இருந்தவளாம். ஒப்பந்தம் முடிந்து முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருக்கிறாள். அவள் கையில் ஐந்தாம் துண்டு இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிளேன் பிந்திட்டு. எயார்போட்டுல ஒரு பகல் முழுக்கக் கிடந்தன். படிக்க இது ஒண்டுதான் இரிந்திச்சி, மூணு தரம் படிச்சிட்டன். கடைசில இந்தப் பொம்புள செஞ்ச வேலைக்கி எனக்கு ஒரு ஞாயம் செல்லுங்க. செல்லாம தரமாட்டன்."

நசீர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அல்லாவுக்காக என்ன செஞ்சா எண்டு மட்டும் செல்லிராதீங்க ராத்தா!"

"அப்ப முதல்ல இருந்து நீங்க செல்லுங்க."

வேறு வழியில்லை. நசீர் காதிலிருந்து கையை எடுத்து முதல் துண்டைச் சொன்னார். தண்ணிக்காரியைப் பெற்ற உம்மா எப்படி இறந்தாள் என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார். விமலன் இரண்டாம் துண்டைக் கணக்கு வழக்கோடு சொல்லி, மூன்றுக்குள் கால் வைத்தார். மேல்தட்டுக்காரர் தண்ணீரை மறிக்கும் இடம்.

"அது அப்பிடியில்ல" என்றது ஒரு குரல். ஒடிட் சேர்!

பக்கம் எண்ணக் கொண்டுபோன மனிதர் படித்திருக்கிறார். படித்ததோடு மட்டுமல்ல, கோபமாகவும் இருந்தார். "நான் அட்டாளைச்சேனை. எங்கட வாப்பா வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானை. மேல இரிக்கிறவன் வாய்க்கால அடைச்சா கீழ இரிக்கிறவன் கூட்டம் போட்டுப் பாட்டுப் படிப்பானா? மம்பட்டியத் தூக்கிட்டு வருவான். எழுதினவருக்கு வயல் தெரியா."

"கப்பல்ல மம்பட்டி எங்கால சேர்?" என்றார் விமலன்.

"தண்ணி இரிந்தா மம்பட்டியும் இரிக்கும்!"

அதன் பிறகு யார் பேசினார், யார் கேட்டார் என்று சொல்ல முடியாது. நாலாம் துண்டை நான் சொன்னேன். கதவில் அவள் கை வைத்த இடத்தில் நிறுத்தினேன்.

"அவட உம்மாட கதை எனக்குத் தெரியாதே. அப்ப அவ செஞ்சது சரிதான்" என்று சொல்லி ஹாஜரா ஐந்தாம் துண்டை என் கையில் வைத்தாள்.

ஒடிட் சேர் சரிபார்க்கக் கேட்டார். கொடுத்தேன். நசீர் எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். "சேர், பக்கத்த மட்டும் எண்ணுங்க. படிக்கப்படாது."

ஒடிட் சேர் பையிலிருந்து மூன்றாம் துண்டை எடுத்துத் தர, அவர் கண் முன்னாலேயே ஐந்தையும் சேர்த்துத் தைத்து, பசை போட்டு, அட்டை கட்டினேன். அவர் தன் தாளில் 'ஒன்று' என்று எழுதினார்.

7. ஒரு வரி

அவருடைய அறிக்கையின் பிரதி பிறகு எனக்கு வந்தது. நூல் வெட்டப்பட்டு மீளக் கட்டப்பட்டுள்ளது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: வாசகர் தேவைக்கு ஒரு பிரதி போதாமையே இதற்குக் காரணம், இவ்வகை நூல்களுக்கு மேலதிகப் பிரதிகள் பெறப்படல் வேண்டும். நான் வருடக்கணக்காக எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒடிட் எழுதினால் பதில் கொடுத்தே ஆகவேண்டும். நாலு கொப்பி வந்தது. என் பைலும் தடையில்லாமல் போனது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். செய்ததை ஒளிக்காதீர்கள். யாருக்காகச் செய்தீர்கள் என்பதை அதைவிடவும் ஒளிக்காதீர்கள். வெள்ளம் என்று எழுதியிருந்தால் என் பென்ஷன் தப்பியிருக்கும், ஆனால் அந்த மேசையைச் சுற்றி ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தண்ணிக்காரி என்ன செய்தாள் என்று இங்கே எழுத மாட்டேன். நீங்கள் இன்னும் படிக்காமல் இருக்கலாம். நான் வேலையில் இருந்த கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் முழுவதையும் படித்து முடித்திருந்தார்கள். தண்ணிக்காரி செய்தது சரி என்றாள் ஹாஜரா. சல்மா ஜோர்டானிலிருந்து போனில், "என்னகா சரி? பிழையோ பிழை!" என்றாள். நசீர் ஒரு பக்கம், விமலன் மறுபக்கம். கூரை பறக்கும்போல் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் கணக்குப் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்டர் கரும்பலகைச் சோக்கட்டியோடு வந்து வாசலில் நின்றார்.

"மிஸ், இது லைப்ரேரியா சந்தையா?"

"லைப்ரேரிதான் மாஸ்டர்" என்றேன். "உள்ள வாங்க, ஒரு கொப்பி மிச்சம் இரிக்கி."