ஸ்டெல்லாவின் பெயரைக் கொண்டுவர ஹெப்பகோடி போனது

கிளையில் மெயில் சர்வர் கோளாறு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று யாராவது உங்களை ஹெப்பகோடிக்கு அனுப்பினால், இந்தக் குறிப்பு உதவலாம். அந்த வேலையாகப் போன எனக்கு எதுவுமே உதவவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2002, ஆயுத பூஜை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் தலைமை அலுவலகம் அல்சூரில், தொழிற்சாலை ஹெப்பகோடியில். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மெயில் சர்வர், ஒவ்வொன்றிலும் எல்லா ஊழியர்களின் முகவரிப் பட்டியல். ஓரிடத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் அது தானாகவே மற்ற இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். ஸ்டெல்லாவின் பெயர் போய்ச் சேரவில்லை.

ஸ்டெல்லா தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த கொள்முதல் உதவியாளர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக வருகிறவர். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த வீட்டுக்கு இவர் சம்பளம்தான். அல்சூர்ப் பட்டியலில் இவர் பெயர் இல்லாததால், வேலையை விட்டுப் போன பழைய ஆளின் பெயருக்கே எல்லோரும் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதில் வராததும், புதுப்பெண் எதற்கும் பதில் போடுவதில்லை என்று பேச்சாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் கூட்டத்தில் இவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

விஷயம் எனக்குத் தெரிந்தது வியாழன் சாயங்காலம். கொள்முதல் மேலாளருக்கு போன் போட்டேன்.

"எல்லாத்துக்கும் மெஷின் மேல பழி போடாதீங்க. பாத்துட்டு வந்து எழுதிக் குடுங்க" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு அல்சூரில் ஆட்டோ பிடித்தேன். ரிச்மண்ட் சர்க்கிள் வரை முப்பது ரூபாய். ஓசூர் ரோடு பஸ் பிடிக்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "டிபன் கட்டிக்கினு வந்தீங்களா சார்? மடிவாளா தாண்டறதுக்குள்ள பசிச்சிடும்."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. ஆனேக்கல் பஸ்ஸில் ஒன்பது ரூபாய் டிக்கெட், மொத்தமே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட வராது. பொம்மனஹள்ளியில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனேன். இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாமோ என்றுகூடத் தோன்றியது. ஹெப்பகோடியில் இறங்கும்போது பதினொன்று. அல்சூரில் கூட்டம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது.

சர்வர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தன. பூஜை அன்றுதான் அதை நிறுவியிருந்தார்கள். பார்த்துக்கொள்பவர் பராமரிப்பு மேற்பார்வையாளர் முனிராஜு. பெயர்ப் பரிமாற்றம் எந்தெந்த நேரத்தில் நடக்கலாம் என்று வாரம் முழுவதையும் கட்டம் கட்டமாகக் காட்டும் திரையைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் அணைக்கப்பட்டிருந்தது, நாளுக்கு நாள் வேறு வேறு நேரம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. நம் வீட்டுக் காலண்டரில் இருக்கிற அதே ராகு காலம்.

"புதுப் பேரு சேர்க்கறது ஒள்ளே காரியம், நல்ல காரியம் அல்லவா சார்? அதான் அந்த டைம் மட்டும் ஆஃப் பண்ணேன். மெயில் எல்லாம் ஓடுதே" என்றார் முனிராஜு.

மெயில் ஓடியது உண்மைதான். ஆனால் இரண்டு சர்வரும் பேசிக்கொள்வது டெலிபோன் லைனில்; அல்சூரில் அது நெடுநேரம் சும்மா இருப்பது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின்போது மட்டும் என்பதால், பெயர்ப் பரிமாற்றத்துக்கு அங்கே ஒதுக்கியிருந்ததும் வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான். இந்தப் பக்கம் அதே நேரத்தில் கதவு சாத்தியிருந்தது. கத்தத் தோன்றியது. அந்த மனிதர் கெட்டது எதுவும் நினைக்கவில்லையே, என்ன என்று கத்துவது?

கட்டங்களைத் திறந்தேன்.

"இன்னும் அர மணிதான் சார். பன்னண்டுக்கு மேல பண்ணுங்க" என்று கெஞ்சினார். பன்னிரண்டுக்கு அங்கே கூட்டம் முடிந்துவிடும். அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டனை அழுத்தினேன்.

ஸ்டெல்லா வாசலில் வந்து நின்றார். "என் பேரு போயிடுச்சா சார்?"

அல்சூர் அலுவலகத்தில் இருந்த நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டேன். வந்துவிட்டது என்றார். ஸ்டெல்லா சிரித்தார். எனக்கும் மனசு கொஞ்சம் லேசானது. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும்தானே. அல்சூரில் சேர்த்த பெயர்களும் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா தன் கம்ப்யூட்டரில் பட்டியலை நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். தெரியாத ஓர் ஆணின் பெயர். பக்கத்தில் பதவி: கொள்முதல் உதவியாளர், ஹெப்பகோடி.

"சார், இது என் வேலைதானே?"

மேலாளரைக் கூட்டத்திலிருந்து வெளியே கூப்பிட்டுப் பேசினேன். தவறு ஸ்டெல்லாவுடையது அல்ல, சர்வருடையது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். அந்தப் பையன் பழைய கம்பெனில ராஜினாமா குடுத்துட்டான். அவன இப்ப எங்க போகச் சொல்றது? போன வாரமே முடிஞ்ச விஷயம்."

போனை வைத்தேன். இரண்டு வீடுகளில் ஒன்றுக்குத்தான் அந்தச் சம்பளம்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். தொழிற்சாலைக்கு எதிரில் உள்ள மெஸ்ஸில் சாப்பாடு பதினைந்து ரூபாய், ரசம் நன்றாக இருக்கும் என்றார்கள். நான் சாப்பிடவில்லை. பெயர் வரவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் இரண்டு பக்க நேரக் கட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு மனிதரின் வேலை சம்பந்தப்பட்டதென்றால் முதலில் பணியாளர் பிரிவில் விசாரியுங்கள், சர்வர் அப்புறம்.

நான் கிளம்பும்போது ஸ்டெல்லா, பழைய ஆளின் பெட்டியில் தேங்கியிருந்த மெயில்களைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் பதில் அடித்துக்கொண்டிருந்தார். இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டே பையை எடுத்தேன். அப்போது அவர் பெயருக்கே, அல்சூரிலிருந்து முதன்முதலாக ஒரு மெயில் வந்தது. பணியாளர் பிரிவு அனுப்பிய பணிநீக்கக் கடிதம். பட்டியலில் அவர் பெயர் இப்போதுதான் கிடைத்ததாம், தாமதத்துக்கு வருந்துவதாக எழுதியிருந்தார்கள்.