கஜபதி வண்டிச் சத்தம்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் கஜபதி. பெருமைக்கு வாங்கியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினான். அங்கே ஷிப்டு விடும் நேரத்துக்கு ரயிலும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது. எண்பத்து மூன்றில், ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒருவர் தம்முடைய பழைய ராஜ்தூத்தைக் கழித்துவிடப் பார்த்தார். சீட்டுப் பணத்தை எடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்தான்.

ஓட்டுவதைவிட ஓடவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்துவிடுவான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பான். காலண்டர் அட்டையில் கேஸ்கட் வெட்டுவான். டியூபில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் ஒட்டுதான் டியூபாக இருந்தது. சைலென்சருக்குள்ளே சத்தத்தை அடக்கும் குழாய் துருவேறி உதிர்ந்துபோனபோது, புதிது போட வழியில்லாமல் அதை உருவி எறிந்துவிட்டு வெறும் கூட்டோடு ஓட்டினான். அதற்கப்புறம் வண்டி மார்க்கெட் தாண்டும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும். ஓட்டைத் தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். அவன் சம்சாரம் பத்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தட்டு எடுத்து வைப்பாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் எதிர்வீட்டு அப்பாவுவின் தகப்பனார் செத்துப்போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவு ஈரத் துண்டோடு வந்து நின்றான்.

"கஜா, நீதாம்பா வண்டி வெச்சினுகீறே. எங்க நைனா பூட்டாரு. வானகரத்துல குப்பம்மா அத்தைக்கும் பூந்தமல்லில எல்லம்மா அத்தைக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுப்பா."

போனான். சொன்னான். அதோடு அது அவன் வேலையாகிவிட்டது. அப்போது போன் வைத்திருந்தவர்கள் யார்? தந்தி போய்ச் சேருவதற்குள் பிணம் எரிந்து முடிந்துவிடும். அதனால் சுற்றுவட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் கஜபதி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள். அதற்குமேல் அவன் எதுவும் கேட்டதில்லை. போகிற வீட்டில் எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது என்று பழகிக்கொண்டான். "ஒடம்புக்கு முடியலயாம், கெளம்பி வாங்க" என்பான். முதலில் நம்பினார்கள். பிறகு நம்பவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் வண்டிச் சத்தமே சொல்லிவிட்டது.

எண்பத்தாறில் வானகரத்துக் குப்பம்மாவிடமே மறுபடியும் போக வேண்டியிருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் கட்டிக்கொடுத்த அவள் மகள் பிரசவத்தில் போய்விட்டாள். குப்பம்மா தெருவில் விழுந்து புரண்டு, அவன் வண்டியின் முன்சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

அடுத்த தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு வண்டியிலேயே போனான். வாசலில் நிறுத்தியதும் உள்ளே பெண்கள் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு கிழவி மாரில் கைவைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். விருந்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தபிறகும் யாருக்கும் முகம் தெளியவில்லை. வீட்டுக்காரர் அவன் தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிப்போய், "தப்பா நெனச்சிக்காத நைனா, வண்டிய அந்தாண்ட உட்டுட்டு நடந்து வந்துருக்கலாமே" என்றார்.

பத்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்து. நம்ம ஊட்டப் பாத்தாலே எழவு ஊடு மாரி கீதுன்றாங்க" என்றாள்.

"ரிங்கு தேஞ்சி போச்சிடி. போர் போடலன்னா வண்டியே ஓடாது. சத்தத்தக் கேட்டுகினு வேலைக்குப் போலாம். வண்டி இல்லாம எப்டிப் போறது?"

கையிலிருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். சிலிண்டரைக் கடைந்து புது ரிங் மாற்றிப் போர் போட்டான். சைலென்சர் அப்படியே இருந்தது.

எண்பத்தொன்பது கோடையில் காயில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பிளக்கில் பொறி வரவைக்கிற காயில். குளிர்ந்திருக்கும்போது வண்டி ஒழுங்காக ஓடும். சூடேறியபின் நிறுத்தினால் போயிற்று, எத்தனை உதைத்தாலும் பிடிக்காது. ஈரத்துணியைச் சுற்றி அரைமணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். இரண்டு தடவை ஷிப்டுக்குத் தாமதமாகி, மூன்றாவது தடவை கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான். அப்போதுதான் அப்பாவு சொன்னான்: "குப்பம்மா அத்த ஊட்டுல தொலுக்கானம் வண்டி சும்மா துருப்புடிச்சினு கீது. அதுவும் இதே வண்டிதான். அவன் லாரிக்குப் பூட்டான். அத்தையக் கேளு, இல்லன்னா சொல்லுவா?"

துலுக்கானம் குப்பம்மாவின் ஒரே மகன். வடக்கே லோடு ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர். போனால் மாதக்கணக்கில் சேதி இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கஜபதி கிளம்பினான். அயனம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. என்ஜின் கொதித்தது. குப்பம்மா முன்னால் இரண்டு தடவை எந்தச் சத்தத்தைக் கேட்டாள் என்பது அவன் நினைவிலேயே இல்லை. காயில் கிடைத்தால் திங்கட்கிழமை நேரத்துக்குப் போய்விடலாம், அது ஒன்றுதான் நினைவு.

குப்பம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வண்டி அவள் வீட்டை நோக்கித்தான் வருகிறது என்று தெரிந்ததும் முறம் கையிலிருந்து விழுந்தது.

கஜபதி அவள் எதிரில் வந்து நின்றான். என்ஜினை நிறுத்தவில்லை. இந்தச் சூட்டில் நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஆக்சிலரேட்டரை முறுக்கியபடியே, "ஒண்ணுமில்லமா! காயிலு கேக்க வந்தேன்!" என்று கத்தினான்.

அவளுக்கு அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது.

"என் புள்ளையா? எம் புள்ளைக்கு இன்னாடா ஆச்சி?" என்று அலறினாள்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல! காயிலு! வண்டிக் காயிலு!"

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாவியைத் திருப்பினான். வண்டி நின்று தெரு அமைதியானபோது குப்பம்மா மிளகாய்மேல் சரிந்துகொண்டிருந்தாள். பின்மண்டை படிக்கல்லில் பட்டது. ஓடிப்போய்த் தூக்கினான். அவள் காதருகே, "அம்மா, தொலுக்கானம் நல்லா கீறான்மா, யாருக்கும் ஒண்ணுமில்லமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கேட்டாளோ இல்லையோ. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்தத் தெருவில் யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. நடந்தது அத்தனை பேருக்கும் தெரியும். உடம்பைக் கொண்டுவந்து கிடத்திய பிறகு ஒரு பெரியவர் மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பூந்தமல்லில அவ தங்கச்சி கீறா. நீயே போய்ச் சொல்லிடு."

வண்டியை உதைத்துப் பார்த்தான். வெயிலிலேயே நின்றிருந்த வண்டி ஆறவில்லை. பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார்.

பூந்தமல்லியில் எல்லம்மா குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். சத்தமில்லாமல் வந்து இறங்கியவனைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு.

"இன்னா கஜா, சைக்கிள்ல வந்துகீறே? நல்ல சேதியா? உள்ள வா, மோரு குடி."

அவன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான். ஒடம்புக்கு முடியல என்ற வழக்கமான வார்த்தைகூட வரவில்லை. எல்லம்மா சிரிப்பு அடங்காமலே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்தாள்.

துலுக்கானத்துக்கு லாரி ஷெட் மூலமாகச் சேதி போய், அவன் வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. மொட்டைத் தலையோடு கஜபதியின் வீட்டுக்கு வந்தான். வெட்டத்தான் வருகிறான் என்று பத்மா குறுக்கே போய் நின்றாள். அவன் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"இன்னாத்துக்குண்ணே வந்தே எங்க ஊட்டுக்கு?"

"உன் வண்டிக் காயிலு கேக்க வந்தேம்பா."

துலுக்கானம் காலிச் சொம்பைத் தரையில் வைத்தான்.

"அதுல ஏதுண்ணே காயிலு? லாரிக்குப் போறதுக்கு மின்னாடியே கழட்டி வித்துட்டனே."

எழுந்து போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பும்வரை கஜபதி வாசலில் நின்று பார்த்தான்.

அடுத்த மாதம் பத்மா தன் அண்ணனிடம் கேட்டு வாங்கிவந்த பணத்தில் காயிலும் போட்டு, சைலென்சருக்கு உள்குழாயும் போட்டான். வண்டி சாதுவாக ஓடியது. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலேயே என்ஜினை நிறுத்தி, உருட்டிக்கொண்டுதான் போவான். பிள்ளைகள் பின்னாலேயே வந்து கேலி செய்யும். சாவு சேதி சொல்லவும் அதற்கப்புறம் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், "முடியாதுபா, வேற யாரையாச்சும் பாருங்க" என்றான். "வண்டி நல்லா ஆனதும் இவனுக்குத் திமிரு வந்துடுச்சி பாரு" என்றார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் திறந்தார்கள். அப்புறம் கூப்பிட ஆளில்லை.

தொண்ணூற்றாறில் கம்பெனியை மூடினார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது, நடந்து போகிற தூரம். வண்டியை வைத்துக்கொள்ளக் காரணமில்லை. ஓட்டுகிற நிலையில்தான் இருந்தது, ஆனாலும் அந்த வயசு வண்டியை ஓட்டுவதற்கென்று வாங்க யாரும் வரவில்லை. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்டான். அவனும் அவன் தம்பியும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் தூக்கிப்போட்டுக் கயிறு கட்டும்வரை கஜபதி கூடவே இருந்தான். முடிச்சு சரியில்லை என்று ஒரு தடவை அவிழ்த்துத் தானே கட்டினான்.

வண்டி போனதும் உள்ளே வந்து கைகால் கழுவினான். சோறு போடட்டுமா என்று பத்மா கேட்டாள். வேண்டாம் என்றான். பட்டப்பகலில், வெறுந்தரையில் சுவரைப் பார்த்துப் படுத்தான். சாயங்காலம்வரை பத்மா அவனை எழுப்பவில்லை.