துப்பிப் பழகிய ஏரி

இல்லை, ஓய்வுக்காகப் போகவில்லை. அனுப்பினார்கள்.

மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலைக் கிடங்கில் எனக்கு ருசி பார்க்கும் வேலை. கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்ப வேண்டும். விழுங்கினால் மதியத்துக்குள் நாக்கு செத்துவிடும். சென்ற ஐப்பசியில் எர்ணாகுளத்தில் வணிகக் கண்காட்சி. வாங்குபவர்கள் முன்னால் எங்கள் ருசி மேசையில் நான் நிற்பதாக இருந்தது. இதுவரை அந்த மேசையில் ஒரு பெண்ணும் நின்றதில்லை.

முதலாளி பாலக்காட்டுத் தமிழர். "மேசையை வெள்ளிக்குத் தள்ளியாச்சு, கொழந்தே. மூணாறு போய் ஏரியெல்லாம் பாத்துட்டு வியாழன் சாயங்காலம் வந்தா போறும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை. படகில் எர்ணாகுளம், காலை ஆறரைக்குப் பஸ். நூற்று முப்பது கிலோமீட்டர், பதினாறு ரூபாய், ஐந்து மணி நேரம். நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் மலை. சீயப்பாறை அருவியில் பஸ் நின்றது. கண்டக்டர் முகம் கழுவினார். நானும் கழுவினேன். அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேல் எதையும் உணர முடியாத களைப்பு.

மறுநாள் தேவிகுளம் ஏரி. மூணாறிலிருந்து ஏழு கிலோமீட்டர். எங்கள் கிடங்குக்கு மாதிரித் தேயிலைப் பெட்டிகளைக் கொச்சிக்குக் கொண்டுவரும் எஸ்டேட் டிரைவர் செல்லையா ஜீப்பில் அழைத்துப் போனார். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன். எஸ்டேட் அனுமதியோடுதான் தூண்டில் போடலாம். பனி. நீர் அசையவில்லை. அவர் தூண்டிலோடு உட்கார்ந்தார். நான் பிளாஸ்கைத் திறந்து, உறிஞ்சி, துப்பினேன். மறுபடியும்.

"தங்கச்சி, இந்தச் சத்தத்துக்கு மீனு மலைக்கு அந்தப் பக்கம் பாண்டிக்கே ஓடிப்போயிரும்."

"பழகுறேன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை மேசை எனக்கு."

அவர் மிதவையிலிருந்து கண்ணை எடுத்தார். "வெள்ளியா? நாளைக் காலையிலல்லா? பத்து மணிக்குப் பெட்டி அங்க இருக்கணும்னு ட்ரங்க் கால் வந்துச்சே. மேசைக்கு குருப்பு சார்னு சொன்னாங்க."

குருப்பு எங்கள் கிடங்கின் மூத்த ருசியாளர்.

நான் பிளாஸ்கை மூடினேன். மீன் எதுவும் சிக்கவில்லை.

"விடியக்காலம் நாலு மணிக்கு லாரி எடுப்பேன்" என்றார். "முன்சீட்டுல எடம் இருக்கு."

வியாழன் பத்துக்கு முன்பே, தேயிலைப் பெட்டிகளோடு கண்காட்சியில் இறங்கினேன். தலையெல்லாம் தூசி. முதலாளி முகம் சிறுத்துவிட்டது.

"நாலு பேர் முன்னாடி ஒரு பொண்ணு துப்பினா நன்னாவா இருக்கும்? நீயே சொல்லு."

"கிடங்குல தினமும் துப்பறேனே."

"அது உள்ளே."

மேசைக்குப் பின்னால் ஏப்ரன் கட்டி நின்ற குருப்பு சிரித்தார். "ஏரியில எத்தன மீனு கிட்டி, மோளே?"

"ஒண்ணும் கிட்டல, சேட்டா. அந்த ஏப்ரனைக் கழட்டுங்கோ."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருப்பு மெதுவாக முடிச்சை அவிழ்த்தார்.

போகிறவர்களுக்கு: ஐப்பசியிலேயே ஸ்வெட்டர் வேண்டும். தூண்டில் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள். ஏரி நன்றாக இருக்கிறது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பிவரும் நாளை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். கரண்டியை வெந்நீரில் கழுவினேன். முதல் கோப்பையை உறிஞ்சி, எல்லோர் முன்னாலும் துப்பினேன்.