புளுகென்று நான் மெச்சிய கட்டுரை

பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. தொடுபுழா பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில், வெளிநாடு போகத் துடிக்கும் நர்ஸ்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். பதினோரு வருடமாகிறது. நாற்பது நிமிடம், இருநூற்றைம்பது வார்த்தை, நான்கு பத்தி. ஏதாவது ஒரு பக்கம் எடுத்து வாதாட வேண்டும், வாதத்துக்கு ஓர் உதாரணமும் வேண்டும். உதாரணத்துக்கு எங்கே போவது? வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கி வருகிறவளிடம் உலக நடப்பைக் கேட்டால் என்ன சொல்வாள்? அதனால் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

"புளுகுங்கடி. திருத்துறவன் உங்க வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போறதில்ல. 'என் தோழி ஒருத்தி'ன்னு ஆரம்பிங்க, மிச்சம் தானா வரும். 'நான்'னு மட்டும் எழுதாதீங்க, கட்டுரைக்கு அது அழகில்ல."

பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். செல்போன் பார்த்துப் பார்த்துக் கண் போன தோழிகள், காரில் போய்ப் போய் நடையை மறந்த தோழிகள் என்று கற்றை கற்றையாகத் திருத்தியிருக்கிறேன். ஒரே வாரத்தில் மூன்று தோழிகள் துரித உணவு தின்று செத்தார்கள். ஒருத்திக்காகவும் நான் வருத்தப்பட்டதில்லை. எழுத்துப்பிழை பார்த்து மதிப்பெண் போட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

டின்சிக்குப் புளுக வராது. முப்பத்தொரு வயது. கரிமண்ணூர்ப் பக்கம் புகுந்த வீடு. புருஷன் சஜி குவைத்தில் லாரி ஓட்டுகிறான், நான்கு வயதில் ஒரு மகள். மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். காலையில் அந்த அப்பச்சனைத் துடைத்துவிட்டு, படுக்கை மாற்றி, கஞ்சி ஊட்டி, மகளை மாமியார் அம்மச்சியிடம் விட்டுவிட்டுப் பத்து மணி வகுப்புக்கு ஓடி வருவாள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பேச்சு, வாசிப்பு, கேட்டல் எல்லாம் தேறிவிட்டாள். கட்டுரையில் ஒன்பதுக்கு ஏழு வந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு பறக்கலாம். மூன்று முறை எழுதியும் ஆறிலேயே நின்றது.

காரணம் எனக்குத் தெரியும். அவள் பக்கமே எடுக்க மாட்டாள். 'ஒருபுறம் பார்த்தால்' என்று ஒரு பத்தி, 'மறுபுறம் பார்த்தால்' என்று ஒரு பத்தி, கடைசியில் இரண்டும் சரிதான் என்று முடிப்பாள்.

"ஏண்டி, உனக்குன்னு ஒரு அபிப்பிராயமே கிடையாதா? மாமியார் முன்னாடி தலையாட்டு, சரி. பேப்பர்லயும் எதுக்கு ஆட்டுற?"

"பக்கம் எடுத்தா யாராவது சண்டைக்கு வந்துருவாங்களோன்னு இருக்கு மிஸ்."

"எடுத்துப் பாரு. பேப்பர் ஒண்ணும் எந்திரிச்சு வந்து உன்ன அடிக்காது" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

ஆடி மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தலைப்பைப் பலகையில் எழுதினேன். 'சமூக வலைத்தளங்களில் தங்கள் வாழ்க்கையைக் கடைவிரிப்பவர்களுக்கு, அந்தரங்கம் போய்விட்டதே என்று புலம்ப உரிமை இல்லை. ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?' நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஏற்கும் காரணங்கள், அந்தப் பக்கம் மறுக்கும் காரணங்கள் என்று பிரித்தேன். திட்டம் போட ஐந்து நிமிடம்.

வகுப்பின் வாயாடி நிஷிதா முதலில் எழுந்தாள். "ஏத்துக்கறேன் மிஸ். மீன் வறுத்தது, புடவை எடுத்தது, புருஷன் முத்தம் குடுத்தது வரைக்கும் படம் புடிச்சுப் போட்டுட்டு, அப்புறம் ஐயோ எல்லாரும் பாக்குறாங்களேன்னு அழுதா? பாக்கறதுக்குத்தானே போட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் டின்சி கையைத் தூக்கினாள். ஐந்து மாதத்தில் அவள் தானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"கேள்வியே தப்பு மிஸ். போட்டவங்களப் பத்தி மட்டும்தான் கேக்குறாங்க. ஒண்ணுமே போடாதவங்க இருக்காங்கல்ல? அவங்களையும் வேற யாரோ எடுத்துப் போட்டுடறாங்க. அவங்க எதைக் கடைவிரிச்சாங்க?"

"அப்படிப் போடு. இதுதாண்டி பக்கம்" என்றேன். "இதை முதல் பத்தியில சொல்லு. ரெண்டாவதுல, படம் எடுத்தவனுக்கு அதைப் போட என்ன உரிமைன்னு கேளு. மூணாவதுல உதாரணம். போ, எழுது."

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினாள். நாற்பது நிமிடமும் போதாது என்கிறவள் முப்பது நிமிடத்தில் நீட்டினாள். மூன்றாவது பத்தியில் 'என் தோழி ஒருத்தி' வந்திருந்தாள். ஹைதராபாத்தில் நர்ஸ். பதினேழாம் கட்டிலில் ஒரு பெரியவர் மாலை நாலு பத்துக்கு இறந்துபோகிறார். தோழி அவர் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, மகனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு மேசைக்கு வருகிறாள். உடன் வேலை பார்ப்பவள், "காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. அடுத்த கட்டில்ல என்னைப் படுக்க வெச்சு முதல்ல ஒரு மூத்திர டியூபைப் போடு" என்கிறாள். இருவரும் அரை நிமிடம் சிரிக்கிறார்கள். வாசலில் நின்ற மகன் அதைச் செல்போனில் வீடியோ எடுக்கிறான். 'என் அப்பாவின் பிணத்துக்கு அருகே சிரிக்கும் நர்ஸ்' என்று போடுகிறான். விடிவதற்குள் பதினொரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அவளைக் கொல்ல வேண்டும் என்று பலர் எழுதினார்கள். மருத்துவமனை அவளை வீட்டுக்கு அனுப்பியது. 'என் தோழி ஒரு வலைத்தளத்திலும் இல்லை. யாரிடமும் எதையும் பகிரவில்லை. அரை நிமிடம் சிரித்தாள், அவ்வளவுதான்' என்று பத்தி முடிந்தது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். "பாத்துக்கங்கடி. புளுகுன்னா இப்படிப் புளுகணும். மணி, கட்டில் நம்பர், எதுக்கு சிரிச்சான்னு காரணம். இப்படிச் சொன்னா கல்லும் நம்பும்." எல்லோரும் கைதட்டினார்கள். டின்சி குனிந்து லேசாகச் சிரித்தாள். கூச்சம் என்று நினைத்தேன், மடச்சி.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல கட்டுரை வந்தால் அதை எழுதியவளின் படத்தோடு நிலையத்தின் பேஸ்புக் பக்கத்தில் போடுவோம். சேரும்போது நிரப்பும் படிவத்தில் ஒன்பதாவது வரி அதற்குத்தான். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்தரங்கத்தைப் பற்றிய கட்டுரையை ஊருக்குக் காட்டுகிறோமே, எழுதியவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று எனக்கும் தோன்றவில்லை. என் கையாலேயே கொண்டுபோய் முதலாளி பென்னி சாரிடம் கொடுத்தேன். அன்று மதியமே பெயர், ஊர், படிவத்தில் ஒட்டிய புகைப்படம் எல்லாவற்றோடும் அது வெளியே போனது.

மறுநாள் காலை அதன் கீழே ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். பழைய சிநேகிதி. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. 'டின்சி, தோழின்னு எதுக்கு ஒளியற? நீதான்னு தைரியமா சொல்லு. அன்னைக்கு உன்னைச் சிரிக்க வெச்சவ நான்தான். நாங்கல்லாம் உன் பக்கம்.' ஒரு சிவப்பு இதயம். அதற்குக் கீழே அந்தப் பழைய வீடியோ.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டின்சி போன் செய்தாள். அவளிடம் பேஸ்புக் கிடையாது. சஜியின் சித்தி மகள் காட்டியிருக்கிறாள். "மிஸ், எடுத்துடுங்க. இங்க யாருக்கும் தெரியாது. சஜிக்கும் தெரியாது. தண்ணி ஒத்துக்கலன்னு ஊருக்கு வந்துட்டேன்னு சொல்லித்தான் கல்யாணமே நடந்துச்சு. இங்கிலாந்து போற வரைக்கும் தெரியாம இருந்தா போதும்னு இருந்தேன்."

பென்னி சாரின் அறைக்கு ஓடினேன்.

"டீச்சரே, எண்ணூறு பேர் பகிர்ந்திருக்காங்க" என்றார். "நம்ம பக்கத்துக்கு இப்படிக் கூட்டம் வந்ததே இல்ல."

"சார், அது கதையில்ல. அவளுக்கு நிஜமாவே நடந்தது."

"நிஜமா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ஜனங்க அனுதாபப்படுவாங்க."

நான் போட்ட கூச்சலில் கீழே மருந்து வாங்க வந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். மூன்று மணிக்குத்தான் அழித்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்து என்ன பிரயோசனம்? அதற்குள் கரிமண்ணூர்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் குடும்பக் குழுவிலும் வீடியோ போய்விட்டது. கட்டுரையை யாரும் சீண்டவில்லை.

பத்து நாள் கழித்து டின்சி வந்தாள். வகுப்புக்குள் வரவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்ல என்னடி சொல்றாங்க?"

"அம்மச்சி ஒண்ணும் சொல்லல. அப்பச்சன்தான் என் கையால கஞ்சி குடிக்க மாட்டேங்கறாரு. ஸ்பூனைக் கொண்டுபோனா வாயை மூடிக்கறாரு. ரெண்டு வருஷமா நான்தான் மிஸ் அவருக்கு எல்லாம் செஞ்சேன்."

"சஜி?"

"'இங்கிலாந்து போய் அங்க யாரு செத்தா சிரிக்கப் போற'ன்னு கேட்டாரு. பிள்ளையை அனுப்ப மாட்டாராம். வேணும்னா நீ மட்டும் போன்னாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நான் வகுப்புல வாசிச்சப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? தனியா வந்து என் காதுல சொல்லியிருக்கலாமே?"

"நீங்க புளுகுன்னு சொன்னீங்கல்ல மிஸ், அப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? எல்லாரும் கைதட்டுறாங்க. ஆறு வருஷத்துல முதல் தடவையா, அது நடக்கவே இல்லன்னு நானே நம்பினேன். அதைக் கெடுத்துக்க மனசு வரல."



ஏற்கெனவே பதிந்திருந்த தேர்வுக்கு அவள் போய்விட்டு வந்தாள். விலங்குக் காட்சிசாலைகள் தேவையா என்று தலைப்பாம். தேவையில்லை என்று ஒரே பக்கமாக எழுதினாளாம். மூன்று வாரம் கழித்து எங்கள் முகவரிக்கு மதிப்பெண் தாள் வந்தது. கட்டுரையில் ஏழு. போனில் சொன்னேன். மகிழ்ச்சியா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் ஒன்றுதான் கேட்டாள். "ஜெயிச்சவங்க படத்தையெல்லாம் பெருசா பேனர் வெப்பீங்கல்ல மிஸ், அதுல என் படம் மட்டும் வேண்டாம்."

பென்னி சாரிடம் சொன்னேன், வாசலை மறித்து நின்றுகொண்டு சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். பேருந்து நிலையத்தைப் பார்த்து பேனர் ஏறியது. பதினாறு கட்டங்கள், பதினைந்தில் சிரித்த முகங்கள். கடைசிக் கட்டத்தில் சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஒரு பெண் தலை, கீழே 'டி.எஸ்., கரிமண்ணூர், 7'.

"படமும் போடல, பேரையும் சுருக்கிட்டேன். இதுக்கு மேல என்ன டீச்சரே செய்யணும்?" என்றார்.

மதிப்பெண் தாளை வாங்க டின்சி வந்த அன்று மழை இல்லை. அலுவலக ஜன்னலுக்கு நேர் கீழேதான் கரிமண்ணூர்ப் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, கீழே நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"அந்த ஒண்ணு மட்டும் ஏன் மூஞ்சியே இல்லாம இருக்கு?"

"நம்ம ஊர்க்காரிதான். பொணத்துக்குப் பக்கத்துல சிரிச்சாளே, அவ."

"ஐயே. அவளா?"

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாம் என்று டின்சி கையைப் பிடித்தாள். எட்டி அந்தப் பேனரை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள்.

"படத்தையே போட்டிருக்கலாம் மிஸ்" என்றாள். "பதினாறு பேர்ல ஒருத்தியா இருந்திருப்பேன்."

தாளை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த பஸ் போகும்வரை மாடியிலேயே நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.